சொகுசு ஸ்போர்ட்ஸ் செடான் வாங்கப் போகிறீர்களா? ஷோரூமில் விலை பேசுவது இப்படித்தான்

முக்கால் கோடி ரூபாய்க்குக் கார் வாங்கப் போகிற பலர் ஷோரூமுக்குள் நுழைந்ததும் பேரம் பேசக் கூச்சப்படுகிறார்கள். ஏசி அறையில் சோபாவில் உட்காரவைத்து, காபி கொடுத்து, பெயர் சொல்லி உபசரிக்கும்போது "எவ்வளவு குறைப்பீங்க?" என்று கேட்க நா எழுவதில்லை. இவ்வளவு விலையுள்ள காருக்கும் தள்ளுபடி உண்டு, அதைக் கேட்கிறவர்களுக்கு மட்டும்தான் கிடைக்கும். அது உங்கள் உழைப்பின் காசு. தயங்காமல் கேளுங்கள்.

முதல்முறை வாங்குகிறவர்களுக்காகப் படிப்படியாக எழுதுகிறேன். உதாரணத்துக்கு பிஎம்டபிள்யூ எம்340ஐ காரை எடுத்துக்கொள்வோம். மூன்று லிட்டர், ஆறு சிலிண்டர் பெட்ரோல் டர்போ இன்ஜின், 374 குதிரைத்திறன், நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட 4.4 விநாடி. செங்கல்பட்டுக்குப் பக்கத்தில், மஹிந்திரா வேர்ல்ட் சிட்டியில் 2007 முதல் இயங்கும் பிஎம்டபிள்யூ தொழிற்சாலையில்தான் இதன் பாகங்களைச் சேர்த்து முழுக் காராக்குகிறார்கள். விலை அடிக்கடி மாறுவதால், கணக்குக்கு எக்ஸ்-ஷோரூம் விலை (சாலை வரி, பதிவு, இன்சூரன்ஸ் சேராத விலை) 70 லட்சம் என்று வைத்துக்கொள்கிறேன். உங்கள் கொட்டேஷனில் உள்ள தொகையைப் போட்டு இதே கணக்கைச் செய்து பாருங்கள்.

படி 1: எங்கே பேரம் செல்லும் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

எல்லா பிராண்டிலும் ஒரே மாதிரி பேச முடியாது. மெர்சிடிஸ்-பென்ஸ் 2021 அக்டோபரிலிருந்து இந்தியாவில் வாடிக்கையாளருக்கு நேரடியாக விற்கிறது. இன்வாய்ஸ் கம்பெனியின் பெயரில் வரும், நாடு முழுக்க ஒரே விலை. ஷோரூம்காரருக்குக் கிடைப்பது கமிஷன் மட்டும். அங்கே போய் "விலையைக் குறையுங்கள்" என்று மல்லுக்கட்டுவதில் பயனில்லை. பழைய காரின் மதிப்பு, இன்சூரன்ஸ், கடன் வட்டி, சர்வீஸ் பேக்கேஜ் ஆகியவற்றில்தான் பேச இடம் உண்டு. பிஎம்டபிள்யூ, ஆடி போன்றவற்றில் டீலர்தான் விற்பவர். அவரிடம் விலையையே பேசலாம்.

உள்ளூரில் பாகங்களைச் சேர்த்துச் செய்ததா, முழுதாக இறக்குமதியானதா என்பதையும் பாருங்கள். எம்340ஐயின் போட்டியாளரான மெர்சிடிஸ்-ஏஎம்ஜி சி43 முழுக் காராக இறக்குமதியாகிறது. 2023இல் அது இங்கே வந்தபோது எக்ஸ்-ஷோரூம் விலை 98 லட்சம். சுங்க வரி சேர்ந்த வண்டியையும் உள்ளூர் வண்டியையும் ஒரே மேஜையில் வைத்து "அவன் இவ்வளவு தருகிறான்" என்று பேசினால் எடுபடாது.

படி 2: கொட்டேஷனை வரி வரியாகப் படியுங்கள்

இந்தப் பதிவில் எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். ஷோரூமில் வாயால் சொல்லும் "ஆன்-ரோடு 88 லட்சம் சார்" என்பதை (எல்லாச் செலவும் சேர்த்த மொத்தத் தொகை) வைத்துப் பேரம் பேசாதீர்கள். பிரித்து எழுதிய கொட்டேஷனை மின்னஞ்சலில் வாங்குங்கள். அதில் என்ன இருக்கும், எது அசையும், எது அசையாது என்று பார்ப்போம்.

எக்ஸ்-ஷோரூம் 70 லட்சம். 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய கார்களுக்கு ஜிஎஸ்டி 40%, செஸ் தனியாகக் கிடையாது. அப்படியானால் இந்த 70 லட்சத்தில் அடிப்படை விலை 50 லட்சம், வரி 20 லட்சம். டீலரின் லாபமும் கம்பெனியின் லாபமும் அந்த 50 லட்சத்துக்குள்தான் இருக்கின்றன. தள்ளுபடி கொட்டேஷனின் இந்த எக்ஸ்-ஷோரூம் தொகையில்தான் வர வேண்டும்.

சாலை வரி. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் உயர்த்தப்பட்டபின், 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஆயுள் வரி 20%. நம் கணக்கில் சுமார் 14 லட்சம். அரசுக்குப் போகிற பணம், இதில் பேச ஒன்றுமில்லை. வரியை மிச்சப்படுத்த வெளி மாநில முகவரியில் பதிவு செய்யலாம் என்று யாராவது யோசனை சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அங்கே குடியிருக்காமல் அங்கே பதிவு செய்து இங்கே ஓட்டுவது வழக்கில் கொண்டுபோய் விடும்.

டிசிஎஸ் (விற்பவர் உங்களிடம் வாங்கி அரசுக்குக் கட்டும் வருமான வரி) 1%, அதாவது 70,000 ரூபாய். பத்து லட்சத்துக்கு மேற்பட்ட எந்தக் காருக்கும் இதைப் பிடிப்பார்கள். இது செலவு அல்ல. உங்கள் வருமான வரிக் கணக்கில் வரவாக வரும். அதனால் "டிசிஎஸ்ஸை நாங்களே பார்த்துக்கறோம் சார்" என்று யாராவது சலுகைபோலச் சொன்னால், எந்தத் தொகையிலிருந்து எப்படிக் கழிக்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.

பதிவுக் கட்டணம். உள்நாட்டில் தயாரான தனியார் காருக்கு அரசுக் கட்டணம் 600 ரூபாய். கடனில் வாங்கினால் ஹைப்பாத்திகேஷன் (கார் மீது வங்கிக்குள்ள கடன் உரிமை) பதிய 1,500 ரூபாய். அதோடு ஸ்மார்ட் கார்டு போன்ற சில நூறுகள். கொட்டேஷனில் "ஆர்டிஓ இதர செலவு 25,000" என்று இருந்தால் அதைப் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் பிரிக்க மாட்டார்கள், குறைத்துவிடுவார்கள்.

ஹேண்ட்லிங் சார்ஜ், லாஜிஸ்டிக்ஸ், "எசென்ஷியல் கிட்". முதல் இரண்டையும் நேராக நீக்கச் சொல்லுங்கள். காரைக் கிடங்கிலிருந்து ஷோரூமுக்குக் கொண்டுவருவது விற்பவரின் வேலை, அதற்கு நீங்கள் தனியாகத் தர வேண்டியதில்லை. பிடிவாதம் பிடித்தால், ரசீதில் அதே பெயரில் எழுதித் தரக் கேளுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள். கிட் தேவையா என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள்.

கடைசியாக இன்சூரன்ஸ். அதற்குத் தனிப் படி.

படி 3: மூன்று கொட்டேஷனாவது கையில் இருக்கட்டும்

சென்னையில் ஒரு சொகுசு பிராண்டுக்கு ஒன்றிரண்டு டீலர்கள்தான். ஒரே டீலரின் இரண்டு கிளைகளில் விலை கேட்டால் அது போட்டி ஆகாது, இரண்டு பேருக்கும் ஒரே மேலாளர். கோயம்புத்தூர், பெங்களூரு, கொச்சி டீலர்களுக்கும் மின்னஞ்சல் அனுப்புங்கள். வெளியூர் வாடிக்கையாளருக்கு விற்கச் சிலர் தயங்குவார்கள். அப்படியும் எக்ஸ்-ஷோரூமில் எவ்வளவு இறங்குவார்கள் என்பது தெரிந்துவிடும்.

அமெரிக்காவில் டீலர் வாங்கிய விலையையே இணையத்தில் பார்க்கலாம். நமக்கு அந்த வசதி இல்லை. அதனால் அடுத்த டீலரின் கொட்டேஷன்தான் நமக்கு அளவுகோல்.

மின்னஞ்சலில் மாடல், வேரியன்ட், நிறம், உள் அலங்காரம், தயாரிப்பு ஆண்டு, எப்போது பணம் கட்டுவீர்கள் என்று எல்லாம் எழுதுங்கள். "எம்340ஐ என்ன விலை?" என்று கேட்பவருக்குக் கிடைக்கும் பதிலும், "கறுப்பு நிறம், இந்த ஆண்டுத் தயாரிப்பு, பதினைந்து நாளில் பணம்" என்று எழுதுபவருக்குக் கிடைக்கும் பதிலும் வேறு.

படி 4: எப்போது போவது

மாதக் கடைசி, காலாண்டுக் கடைசி இரண்டும் நல்லது. டார்கெட்டுக்கு ஒரு கார் குறைகிற டீலர் இறங்கி வருவார். எல்லாவற்றையும்விட டிசம்பர். ஜனவரி பிறந்ததும் கையிருப்பில் உள்ள கார் "போன வருஷத்து வண்டி" ஆகிவிடும், அதை அவர் தள்ளியே ஆக வேண்டும். நாலைந்து ஆண்டில் விற்கும் எண்ணம் இருந்தால், தயாரிப்பு ஆண்டால் மறுவிற்பனையில் இழப்பதைவிடத் தள்ளுபடி பெரிதாக இருக்கிறதா என்று பாருங்கள். பத்து ஆண்டு வைத்து ஓட்டுகிறவருக்கு டிசம்பர் வண்டி லாபம்தான்.

செப்டம்பர் கடைசியில் கொஞ்சம் கவனம். வண்டியை அந்த நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தினால் தொழில் செய்கிறவர்களுக்கு வருமான வரியில் தேய்மானக் கழிவு பாதிதான் கிடைக்கும். அதனால் கம்பெனிப் பெயரில் வாங்குகிறவர்கள் அந்தச் சமயத்தில் வரிசையில் நிற்பார்கள். கூட்டம் இருக்கிற நேரத்தில் யாரும் விலை குறைப்பதில்லை.

படி 5: உட்கார்ந்து பேசுவது

டெஸ்ட் டிரைவையும் விலைப் பேச்சையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ளாதீர்கள். அந்த ஆறு சிலிண்டர் இன்ஜினை ஓட்டிவிட்டு இறங்கியவுடன் யாருக்கும் நிதானமாகக் கணக்குப் போட வராது. ஓட்டிப் பாருங்கள், நன்றி சொல்லுங்கள், வீட்டுக்கு வாருங்கள். இன்னொரு நாள் போய்ப் பேசுங்கள்.

பேச்சு பெரும்பாலும் இப்படிப் போகும்:

"சார், உங்க பட்ஜெட் எவ்வளவு?"

"பட்ஜெட் இருக்கட்டுங்க. இன்வாய்ஸ்ல எவ்வளவு குறையும்னு சொல்லுங்க."

"மாசம் இஎம்ஐ எவ்வளவுக்குள்ள வரணும் சார்?"

"இஎம்ஐயை அப்புறம் பார்க்கலாம். முதல்ல கார் விலையை முடிப்போம்."

"ரெண்டு லட்சத்துக்கு ஆக்சஸரீஸ் ஃப்ரீயா போட்டுத் தர்றோம் சார்."

"ஆக்சஸரீஸ் வேண்டாங்க. அதுக்குப் பதிலா இன்வாய்ஸ்லயே குறைச்சிடுங்க."

கடைசிப் பதிலுக்குக் காரணம் இருக்கிறது. வரிக்கு முன்பே இன்வாய்ஸில் காட்டிய தள்ளுபடிக்கு ஜிஎஸ்டி கிடையாது. எக்ஸ்-ஷோரூம் விலையில் ஒரு லட்சம் குறைந்தால் விற்பவர் கையிலிருந்து போவது சுமார் 71,000 ரூபாய்தான். மீதி 29,000 ரூபாய், அரசுக்குப் போயிருக்க வேண்டிய வரி. டிசிஎஸ்ஸும் அதற்கேற்பக் குறையும். அதாவது அவருக்குக் குறைந்த செலவில் உங்களுக்கு ஒரு லட்சம் கிடைக்கிறது. இலவச ஆக்சஸரீஸ் என்பதோ அவர் போட்ட விலையில் இரண்டு லட்சம். அவர் வாங்கிய விலை அதைவிடக் குறைவு, உங்களுக்கு அது தேவையா என்பதே கேள்வி.

விலை இதற்குமேல் இறங்காது என்று தெரிந்தபிறகு எக்ஸ்டெண்டட் வாரண்டியையும் சர்வீஸ் பேக்கேஜையும் கேளுங்கள். என்னைக் கேட்டால், இந்த வகைக் காருக்கு இவை இரண்டும்தான் உருப்படியான இலவசங்கள். வாரண்டி முடிந்தபின் வருகிற ஒரு ரிப்பேர் பில்லே கண்ணில் நீர் வரவழைக்கும்.

"மேனேஜர்கிட்ட கேட்டுட்டு வர்றேன் சார்" என்று எழுந்து போவார். போகட்டும். திரும்பி வந்து ஒரு தொகை சொன்னால் உடனே பதில் சொல்லாதீர்கள், கொஞ்ச நேரம் பேசாமல் இருங்கள். ஒத்துவராவிட்டால், "நல்லதுங்க, வீட்ல பேசிட்டுச் சொல்றேன்" என்று சிரித்தபடி கிளம்புங்கள். "இந்த ஆஃபர் இன்னிக்கு மட்டும்தான்" என்பார்கள். இரண்டு நாளில் அவர்களே போன் செய்வார்கள். ஒன்று மட்டும்: சேல்ஸ் கன்சல்டன்டிடம் குரலை உயர்த்தாதீர்கள். அவரும் சம்பளத்துக்கு வேலை செய்கிறவர். உங்கள் காருக்கு நல்ல ஒதுக்கீடும் நேரத்துக்கு டெலிவரியும் அவர் கையில்தான்.

படி 6: பழைய காரைத் தனியாகப் பேசுங்கள்

புதுக் கார் விலை முடியும்வரை பழைய காரைப் பற்றி வாயே திறக்காதீர்கள். இரண்டையும் ஒன்றாகப் பேசினால், பழைய காருக்கு ஒரு லட்சம் கூட்டிக் கொடுத்து, புதுக் காரின் தள்ளுபடியில் அந்த லட்சத்தை எடுத்துக்கொள்வது சுலபம். முதலில் வெளியே இரண்டு இடங்களில் மதிப்புக் கேட்டு வையுங்கள். எக்ஸ்சேஞ்ச் போனஸ் (பழைய காரைக் கொடுப்பதற்குத் தரும் கூடுதல் சலுகை) என்பது பழைய காரின் விலையோடு சேராமல் கொட்டேஷனில் தனியாக வர வேண்டும்.

படி 7: கடனும் இன்சூரன்ஸும்

ஷோரூம் போவதற்கு முன்பே உங்கள் வங்கியில் வட்டி விகிதம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். 50 லட்சம் கடன், ஐந்து ஆண்டு: 9% என்றால் இஎம்ஐ சுமார் 1,03,800 ரூபாய், 9.5% என்றால் சுமார் 1,05,000 ரூபாய். பார்க்கச் சின்ன வித்தியாசம், ஐந்து ஆண்டில் 73,000 ரூபாய். ஷோரூமில் சொல்லும் வட்டி குறைந்துவரும் அசலுக்கா, ஃபிளாட்டா (கடைசிவரை முழுக் கடனுக்கும் வட்டி) என்றும் கேளுங்கள். ஃபிளாட் வட்டி கேட்கக் குறைவாக இருக்கும், கட்டும்போதுதான் கனம் தெரியும். பிராசஸிங் கட்டணம், முன்கூட்டி அடைத்தால் அபராதம் இரண்டையும் சேர்த்தே ஒப்பிடுங்கள்.

இன்சூரன்ஸில் மூன்றாம் நபர் காப்பீடு மூன்று ஆண்டுக்குக் கட்டாயம், அந்தத் தொகை அரசு நிர்ணயிப்பது. 2022 அறிவிப்பின்படி 1500 சிசிக்கு மேற்பட்ட காருக்கு 24,596 ரூபாய், வரி தனி. பேரம் எல்லாம் சொந்தச் சேதப் பகுதியில்தான், அது ஒரு ஆண்டுக்கு எடுத்தால் போதும். ஷோரூமிலேயே எடுக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. வெளியே ஒரு கொட்டேஷன் வாங்கி, "இந்த விலைக்குத் தர முடியுமா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் தருவார்கள். ஒப்பிடும்போது ஐடிவி (கார் திருடுபோனாலோ முழுதாக நாசமானாலோ கிடைக்கும் தொகை) ஒன்றாக இருக்கட்டும். ஐடிவியைக் குறைத்துப் பிரீமியத்தைக் குறைத்துக் காட்டுவது பழைய வித்தை. ஜீரோ டெப்ரிசியேஷன் (மாற்றும் பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்காத காப்பீடு) அவசியம். சென்னையில் ஓட்டுகிறவர் இன்ஜின் பாதுகாப்பையும் விடக் கூடாது. 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களைப் பார்த்த ஊர் இது.

படி 8: முன்பணமும் வண்டிச் சோதனையும்

பேசி முடித்த எல்லாவற்றையும் ஒரே மின்னஞ்சலில் வரவழைத்த பிறகுதான் முன்பணம். புக்கிங் ரத்தானால் பணம் எத்தனை நாளில் திரும்பும், டெலிவரிக்குள் விலை ஏறினால் யார் ஏற்பது என்ற இரண்டும் அதில் இருக்க வேண்டும்.

முழுப் பணம் கட்டி ஆர்டிஓ பதிவுக்குப் போவதற்கு முன் வண்டியை நேரில் பாருங்கள். பதிவாகிவிட்டால் அது உங்கள் வண்டி, பிறகு குறை சொல்வது கடினம். பகல் வெளிச்சத்தில் போங்கள். சேஸிஸ் எண்ணை இன்வாய்ஸோடு ஒப்பிட்டு, தயாரிப்பு மாதம், ஆண்டு கேளுங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 3525 என்றால் 2025இன் 35ஆவது வாரத்தில் செய்தது. நான்கு டயரும் ஏறக்குறைய ஒரே காலத்தவையா என்று பாருங்கள். ஓடோமீட்டரைப் படம் எடுங்கள். கதவு, பானட் இடைவெளிகள் ஒரே சீராக உள்ளனவா, பக்கவாட்டிலிருந்து பார்க்கையில் பெயின்ட்டில் நிற வேறுபாடு தெரிகிறதா, அலாய் வீலில் கீறல் உண்டா என்று பாருங்கள். ஏதாவது தட்டுப்பட்டால் வேறு வண்டி கேளுங்கள்.

டெலிவரி நாளில் இன்வாய்ஸ், இன்சூரன்ஸ் பாலிசி, வாரண்டி, சர்வீஸ் பேக்கேஜ் தாள்கள், இரண்டு சாவி ஆகியவற்றை வாங்கிக்கொள்ளுங்கள். இன்வாய்ஸில் உங்கள் பான் எண் சரியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். சில மாதம் கழித்து வருமான வரி இணையதளத்தில் அந்த 70,000 ரூபாய் டிசிஎஸ் உங்கள் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று பார்த்து, வராவிட்டால் ஷோரூமின் கணக்குப் பிரிவுக்கு எழுதுங்கள்.