'அலிஃபார்ம்': எங்கே போடலாம், எங்கே வேண்டாம்

ஆங்கில அறிவியல் நூல்களில் 'அலிஃபார்ம்' என்ற பெயரடை கண்ணில் பட்டால் மிரள வேண்டாம். லத்தீனில் 'ஆலா' என்றால் சிறகு, 'ஃபார்மா' என்றால் வடிவம், இரண்டும் சேர்ந்து 'சிறகு வடிவ' என்று ஆகிறது. பொருள் அவ்வளவுதான், குழப்பமெல்லாம் அதை எடுத்துப் போடும் இடத்தில்தான்.

முதல் படி. நீங்கள் விவரிக்கும் பொருள் சிறகு மாதிரி இருக்கிறதா, இல்லை அதற்குச் சிறகு இருக்கிறதா என்று பாருங்கள். ஈசலுக்குச் சிறகு இருக்கிறது, ஆகவே அது 'அலேட்', அதாவது சிறகுள்ளது. வேங்கைக் காயைச் சுற்றி மெல்லிய விளிம்பு ஓடுகிறதே, அந்தக் காய்க்கும் இதே சொல்தான். அலிஃபார்ம் உருவத்தை மட்டும்தான் சொல்லும்.

அடுத்து, துறை. இந்தச் சொல் உண்மையிலேயே புழங்கும் இடம் மர உடற்கூறியல், அதனால் அங்கே கொஞ்சம் நிற்போம். ஒரு மரத்துண்டின் குறுக்குவெட்டு முகத்தைக் கூரான பிளேடால் வழவழப்பாகச் சீவி, லேசாக ஈரமாக்கி, பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். சின்னச் சின்னத் துளைகள் தெரியும், அவை நீர் கடத்தும் நாளங்கள். துளையை ஒட்டி வெளிர் நிறத்தில் இருக்கும் பாரன்கைமா திசு (உணவைச் சேமித்து வைக்கும் மென்மையான செல்கள்) இரண்டு பக்கமும் சிறகு விரித்தாற்போல் நீண்டிருந்தால் அது அலிஃபார்ம். வெறும் வளையமாகச் சூழ்ந்திருந்தால் இந்தச் சொல் பொருந்தாது. சர்வதேச மர உடற்கூறியலாளர் சங்கம் மரங்களை அடையாளம் காண உதவும் கூறுகளுக்கு எண் போட்டு 1989இல் வெளியிட்ட பட்டியலில் இதற்கு 80ஆம் எண். சிறகு குட்டையாக இருந்து மொத்த உருவமும் சாய்சதுரம்போல் தெரிந்தால் 81, ஒல்லியாக நீண்டால் 82, பக்கத்துத் துளையின் சிறகோடு போய் ஒட்டிக்கொண்டால் 83, அதற்குப் பெயரே வேறு, 'கான்ஃப்ளுயண்ட்'. அவரைக் குடும்ப மரங்கள் பலவற்றில் இதெல்லாம் நன்றாகத் தெரியும்.

மருத்துவம் எழுதுகிறீர்களா? அங்கே இதை விட்டுவிடுங்கள். மூக்கின் பக்கவாட்டுப் பகுதிக்கு 'அலார்', மண்டையோட்டின் ஸ்பீனாய்டு எலும்பில் கீழ்நோக்கி இறங்கும் நீட்சிகளுக்குக் கிரேக்க வழி வந்த 'டெரிகாய்டு' என்று சொற்கள் எப்போதோ நிலைத்துவிட்டன.

கடைசியாக, தமிழில் எழுதும்போது. பெயருக்கு முன்னால் வந்தால் 'சிறகு வடிவப் பாரன்கைமா', 'சிறகு வடிவத் தகடு', ஒற்று மிகும். வாக்கியத்தின் முடிவில் என்றால் 'சிறகு வடிவில் இருக்கிறது' போதும். பொதுவான கட்டுரைக்கு இதுவே நன்று, அலிஃபார்ம் என்று அப்படியே எழுதினால் சும்மா படம் காட்டுகிற மாதிரி இருக்கும்.