மஞ்சப்பைக்குள்ள என்ன?

நாலு வயசுப் பிள்ளையிடம் ஒரு பாகற்காயைக் காட்டி "இது எப்படி இருக்கு?" என்று கேளுங்கள். "நல்லா இருக்கு" என்று ஓடிவிடும். கண்ணெதிரே கிடப்பதை எதற்கு விவரிக்க வேண்டும்? பிள்ளை பக்கம் நியாயம் இருக்கிறது. அதையே மறைத்து வைத்தால் பேச்சு வரும்.

ஒரு மஞ்சப்பை, வீட்டில் கிடக்கும் எட்டுப் பொருள்கள் போதும். நான் எடுப்பவை: பாகற்காய், வெண்டைக்காய், எலுமிச்சை, கேரட், கரண்டி, சீப்பு, சாவி, தேங்காய் நார். கைக்குழந்தை பக்கத்தில் இருந்தால் சாவியை விட்டுவிடுங்கள், நேரே வாய்க்குப் போகும்.

முதலில் நீங்கள் பைக்குள் கைவிட்டு, பெயரை மட்டும் சொல்லாமல் பேசுங்கள். "சொரசொரன்னு இருக்கு. நடுவுல குண்டு, ரெண்டு முனையும் கூர்." பிள்ளை கண்டுபிடித்ததும் பை கைமாறட்டும்.

பிள்ளை திணறும்போதுதான் நாம் அவசரப்பட்டுக் கெடுப்போம். பெயரை எடுத்துக் கொடுக்காமல், "வழவழன்னு இருக்கா, சொரசொரன்னு இருக்கா?" என்று இரண்டு சொல்லை நீட்டுங்கள். பிசுபிசு, கொழகொழ, மொறுமொறு என்று இரட்டைக்கிளவி தமிழில் கொட்டிக் கிடக்கிறது. சொல்லும்போதே விரலில் உறைக்கும். என் மகள் தேங்காய் நாரைத் தொட்டுவிட்டு "தாத்தா தாடி" என்றாள். அதைத் திருத்தாதீர்கள்.

இரண்டு மூன்று நாள் கழித்து, கேள்வி கேட்கும் ஆட்டம். எட்டையும் தரையில் பரப்பி, ஒன்றை மனதில் நினைத்துக்கொள்ளுங்கள். ஆமா, இல்லை தவிர வேறு பதில் கிடையாது. பிள்ளைகள் "சாவியா? சீப்பா?" என்றுதான் தொடங்கும். ஒரு கேள்விக்கு ஒரு பொருள்தான் கழியும். நீங்கள் ஒருமுறை கேட்டுக் காட்டுங்கள்.

"சாப்பிடுறதா?" இல்லை. காய் நாலையும் ஓரமாக ஒதுக்குங்கள்.
"கீழ போட்டா டங்குன்னு சத்தம் வருமா?" ஆமா. சீப்பும் நாரும் போச்சு.
"அடுப்படியில இருக்குமா?" ஆமா. கரண்டி!

எட்டுக்கு மூன்றே கேள்வி. கழிந்ததைப் பிள்ளையே கையால் தள்ள வேண்டும், அது முக்கியம். 'இல்லை' என்றால் தோல்வி இல்லை, நாலு பொருள் குறைந்தது என்று அப்போதுதான் புரியும்.

இது பழகியதும் விடுகதை. தொல்காப்பியம் 'பிசி' என்று சொல்வது இதைத்தான். "பச்சைப் பெட்டிக்குள்ள வெள்ளை முத்து" என்று போட்டுவிட்டு, விடை வந்ததும் வெண்டைக்காயை நறுக்கிக் காட்டுங்கள். அப்புறம் பிள்ளையை ஒன்று போடச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் முதலில் வந்தது: "உருண்டையா இருக்கும். நக்கினா கண்ணு தானா மூடிக்கும். அது என்ன?"