எல்இடி பல்புக்கு டிம்மர்: வாங்குவது முதல் மாட்டுவது வரை

குண்டு பல்பு காலத்தில் மாட்டிய டிம்மர், அதாவது வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ், இன்னும் பல வீடுகளின் ஹாலில் இருக்கிறது. பல்பை மட்டும் எல்இடிக்கு மாற்றியதும் தொல்லை தொடங்கும். விளக்கு துடிக்கும், இரையும், குமிழைப் பாதி திருப்புவதற்குள் பொசுக்கென்று அணைந்துவிடும். பல்பு சரியில்லை என்று கடைக்குத் திருப்பி எடுத்துப் போவதற்கு முன் இதைப் படியுங்கள். பெரும்பாலான வீடுகளில் பல்பும் நல்லதுதான், டிம்மரும் நல்லதுதான், இரண்டும் ஒத்துப்போகவில்லை.

நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அதாவது நொடிக்கு 100 அரை அலைகள். டிம்மர் ஒவ்வொரு அரை அலையிலும் ஒரு பகுதியை வெட்டிவிட்டு மீதியைத்தான் பல்புக்கு அனுப்புகிறது. குண்டு பல்பின் இழை சூடு ஆறுவதற்குள் அடுத்த அலை வந்துவிடுவதால் நமக்குத் துடிப்பு தெரியாது. எல்இடி பல்புக்குள் டிரைவர் என்ற சிறு சர்க்யூட் இருக்கிறது. சாதாரண டிரைவர், வருகிற மின்சாரம் குறைந்தாலும் முழு வெளிச்சம் தரவே முயலும். வெட்டுப்பட்ட அலை வரும்போது அதன் கண்டென்சருக்குள் மின்னோட்டம் ஒவ்வொரு முறையும் குபுக்கென்று பாயும். அதனால்தான் இரைச்சல், சூடு, சில மாதங்களில் பல்பு போய்விடுவது எல்லாம்.

முதலில், சுவரில் இருப்பது டிம்மரா என்று பாருங்கள்

சுவரில் இருக்கும் குமிழ் ஃபேன் ரெகுலேட்டராகவும் இருக்கலாம். 1 முதல் 4 அல்லது 5 வரை எண் போட்டு, டக் டக்கென்று படிப்படியாகத் திரும்பினால் அது ஃபேனுக்கானது. அதில் எந்த பல்பையும் இணைக்கக் கூடாது. விளக்கு டிம்மர் வழுவழுப்பாகத் திரும்பும். அதன் பின்பக்கத்திலோ ஓரத்திலோ வாட் அளவு அச்சிட்டிருக்கும்.

பல்பு வாங்கும்போது

அட்டைப்பெட்டியில் ‘டிம்மபிள்’ என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும். எதுவும் எழுதாவிட்டால் டிம்மருக்கு ஆகாது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் 9 வாட் பல்புகளில் பெரும்பாலானவை டிம்மருக்கு ஆகாத வகைதான். சிஎஃப்எல் பல்பு மிச்சம் இருந்தால் அதையும் டிம்மரில் போடாதீர்கள். சீலிங் டவுன்லைட்டுக்கு டிரைவர் தனிப் பெட்டியாக வரும். அந்த டிரைவர் டிம்மபிளாக இருக்க வேண்டும். ஒரே டிம்மரின் கீழ் எல்லாம் ஒரே கம்பெனி, ஒரே மாடலாக இருக்கட்டும். கலந்து போட்டால் ஒன்று மங்கும்போது இன்னொன்று அணைந்திருக்கும்.

வாட் கணக்கு

பெரும்பாலோர் தவறவிடுவது இந்த இடத்தில்தான். ஹாலில் முன்பு 60 வாட் குண்டு பல்பு நான்கு இருந்தால் மொத்தம் 240 வாட். அங்கே இப்போது 7 வாட் எல்இடி நான்கு போட்டால் மொத்தம் 28 வாட்தான். பழைய டிம்மரில் ‘40–400 வாட்’ என்று இருந்தால், குறைந்தது 40 வாட் ஓடினால்தான் அது ஒழுங்காக வேலை செய்யும். 28 வாட்டில் அதற்குள் அலையை வெட்டும் ‘ட்ரையாக்’ என்ற சிறு பாகம் பிடிமானம் இல்லாமல் விட்டுவிட்டு வேலை செய்யும். அந்தத் துடிப்பைத்தான் நீங்கள் பார்க்கிறீர்கள்.

மேல் வரம்பிலும் கவனம் வேண்டும். குண்டு பல்புக்கு 400 வாட் என்று போட்ட டிம்மர் எல்இடியில் 400 வாட் தாங்காது. எல்இடிக்குத் தனி அளவு அச்சிடாவிட்டால் பத்தில் ஒரு பங்கு, அதாவது 40 வாட் வரை மட்டும் இணையுங்கள்.

ஒரே ஒரு குண்டு பல்பைக் கூடச் சேர்த்துத் துடிப்பை நிறுத்தும் வழக்கமும் உண்டு. வேலை செய்யும். ஆனால் மின்சாரத்தை மிச்சப்படுத்தத்தானே எல்இடிக்கு மாறினோம்? புது டிம்மர் வாங்குவதே சரி. ‘ட்ரெய்லிங் எட்ஜ்’ வகை கேளுங்கள். இது அலையின் பின்பகுதியை வெட்டுகிறது; எல்இடி டிரைவருக்கு மின்சாரம் மெதுவாக ஏறி வருவதால் இரைச்சல் குறையும். எல்இடிக்கு 5 முதல் 100 வாட் என்பது போன்ற அளவு இருந்தால் நம் 28 வாட் ஹாலுக்குக் கச்சிதம். மாடுலர் போர்டு என்றால் பிளேட் எந்தக் கம்பெனியோ அதே கம்பெனி டிம்மர்தான் பெரும்பாலும் உட்காரும்.

மாட்டும் முறை

முதலில் மெயின் எம்சிபியை அணையுங்கள். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் அணையுங்கள். கரண்ட் போனதாக நினைத்து இன்வெர்ட்டர் தானாக ஓடத் தொடங்கி, அதே ஸ்விட்ச் போர்டுக்கு 230 வோல்ட் அனுப்பும். மெயினை அணைத்தபின்னும் ஷாக் அடிக்க இது ஒரு காரணம். டெஸ்டரை மெயின் அணைக்கும் முன் ஓடுகிற பிளக்கில் வைத்து, அது எரிகிறதா என்று பார்த்துவிட்டு, அதன் பிறகு போர்டில் சோதியுங்கள்.

பிளேட்டைக் கழற்றியதும் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். டிம்மரில் பொதுவாக இரண்டு ஒயர்தான்: ஒன்று உள்ளே வரும் ஃபேஸ், மற்றது விளக்குக்குப் போவது. புது டிம்மரில் ‘எல்’ குறியில் ஃபேஸையும், அம்புக்குறி அல்லது அலைக்குறி உள்ள முனையில் விளக்கு ஒயரையும் இணையுங்கள். செம்பு வெளியே தெரியாமல் திருகை இறுக்குங்கள். நியூட்ரல் ஒயரை டிம்மர் வழியாக எடுக்கவே கூடாது. அப்படி இருந்தால் விளக்கு அணைந்த பின்னும் ஹோல்டரில் ஃபேஸ் நிற்கும். ஒயர் கருகியிருந்தாலோ, மூன்றாவது ஒயர் எதற்கென்று புரியாவிட்டாலோ அங்கேயே நிறுத்தி எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

மின்சாரம் கொடுத்ததும் முதலில் முழு வெளிச்சத்தில் வையுங்கள். பிறகு மெதுவாகக் குறைத்து, துடிப்பு தொடங்கும் இடத்தைக் கவனியுங்கள். பல டிம்மர்களில் குறைந்தபட்ச வெளிச்சத்தை நிர்ணயிக்கும் சிறு திருகு உண்டு. துடிப்பு தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே அதை நிறுத்துங்கள்.

இன்னும் தொல்லை இருந்தால்

அணைத்த பிறகும் பல்பு மங்கலாக எரிந்தால், ஸ்விட்சில் உள்ள இண்டிகேட்டர் விளக்கின் வழியாகவோ டிம்மரின் வழியாகவோ சிறு மின்சாரம் கசிகிறது. எல்இடிக்கு அதுவே போதும். இண்டிகேட்டர் இல்லாத ஸ்விட்ச் போடலாம். அல்லது விளக்குப் பக்கத்தில் பல்புக்கு இணையாக, கசியும் மின்சாரத்தை வாங்கிக்கொள்ளும் ‘பைபாஸ்’ என்ற சிறு பாகம் ஒன்றை எலக்ட்ரீஷியனைக் கொண்டு வைக்கலாம். இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் துடித்தால் அது, வளைந்த அலைக்குப் பதில் சதுர வடிவ அலை தரும் ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டராக இருக்கலாம். அந்த நேரத்தில் டிம்மரை முழு வெளிச்சத்தில் வையுங்கள். முடிந்தால் அந்த விளக்கை இன்வெர்ட்டர் இணைப்பிலிருந்து எடுத்துவிடுங்கள்.

வெளிச்சம் குறைந்தும் குண்டு பல்பு போல மஞ்சளாக மாறவில்லையே என்றால், அது கோளாறு அல்ல. சாதாரண எல்இடி மங்கும்போது நிறம் மாறாது. அந்த மஞ்சள் ஒளி வேண்டுமானால் 2700 கெல்வின் பல்பு எடுங்கள்.

போர்டைத் தொடவே விருப்பமில்லையா? ஸ்விட்சை அணைத்து அணைத்துப் போட்டால் வெளிச்சம் மாறும் 3 நிலை எல்இடி பல்பு கிடைக்கிறது. போனில் இயக்கும் ஸ்மார்ட் பல்பும் உண்டு. இந்த இரண்டுக்கும் எப்போதும் முழு மின்சாரம் வேண்டும். அதனால் அந்த இடத்தில் டிம்மரைக் கழற்றிவிட்டுச் சாதாரண ஸ்விட்சைப் போட்டுவிடுங்கள்.