ஒரே பெயர், வெவ்வேறு கட்சிகள்: வெளிநாட்டுத் தேர்தல் செய்தி எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெளிநாட்டுத் தேர்தல் செய்திகளைத் திருத்துவது பல ஆண்டுகளாக என் வேலை. தேதியிலோ தலைவர் பெயரிலோ பிழை இருந்தால் அன்றே யாராவது பிடித்துவிடுவார்கள். சிறு கட்சிகளை மாற்றி எழுதினால் யாருக்கும் தெரிவதில்லை. அச்சேறிய வரி ஆவணக் கோப்பில் தங்கி, அடுத்த தேர்தலில் மறுபடி எடுத்தாளப்படுகிறது. எங்கள் தலைமுறை செய்த பிழைகளையே புதியவர்களும் செய்வதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

பெயரிலிருந்து கொள்கையை ஊகிப்பது

ஸ்வீடனிலும் நார்வேயிலும் மையக் கட்சி என்பது விவசாயிகள் இயக்கத்தில் பிறந்தது. 1980-களில் நெதர்லாந்தில் அதே பெயரில் இருந்ததோ குடியேறிகளை எதிர்த்த தீவிர வலதுசாரிக் கட்சி.

பல நாட்டு வரலாறுகளை ஒரே கட்சியின் கணக்கில் எழுதுவது

இன்றும் என்னை எரிச்சலூட்டும் தவறு இதுதான். இணையச் சுதந்திரமும் பதிப்புரிமைச் சட்டச் சீர்திருத்தமும் கேட்கும் கட்சிகள் பல நாடுகளில் பைரேட் கட்சி என்ற பெயரில் உள்ளன. 2024 நவம்பர் தேர்தலில் ஐஸ்லாந்தின் பைரேட் கட்சி நாடாளுமன்றத்தில் தனக்கிருந்த எல்லா இடங்களையும் இழந்தது. அதைப் பற்றி ஒரு புதியவர் எழுதிய செய்தி இப்படிப் போனது: 2006-இல் தொடங்கி, 2017-இல் 22 இடங்களைப் பிடித்த பைரேட் கட்சி அடியோடு அழிந்தது.

ஒரே வாக்கியத்தில் மூன்று நாடுகள்! 2006-இல் ரிக் பால்க்விங்கே தொடங்கியது ஸ்வீடன் கட்சி. 2017-இல் 22 இடங்கள் பெற்றது செக் கட்சி. ஐஸ்லாந்துக் கட்சி பிறந்ததே 2012-இல்தான். 2016-இல் 14.5 சதவீத வாக்குகளுடன், 63 இடங்களில் 10-ஐ வென்ற அதன் உண்மையான உச்சம் செய்தியில் இல்லவே இல்லை. அது அச்சாகிவிட்டது. சில மாதங்களில் வேறொருவரின் கட்டுரையிலும் அதே வரி.

எண்கள் மாறியது மட்டுமல்ல இதன் கேடு. காரணங்களும் காணாமல் போகின்றன. ஸ்வீடனில் 2009 ஏப்ரலில் பைரேட் பே என்ற கோப்புப் பகிர்வுத் தளத்தை நடத்தியவர்களுக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. அந்தக் கோபத்தில்தான் அவ்வாண்டு ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் கட்சிக்கு 7.1 சதவீத வாக்குகள் விழுந்தன. ஐஸ்லாந்துக்காரர்களின் கோபம் வேறு: 2008-இல் வங்கிகள் சரிந்தபின் பழைய கட்சிகள்மீது வந்த வெறுப்பு, புதிய அரசியல் சாசனம் வேண்டும் என்ற கோரிக்கை. செக் நாட்டில் ஊழல் எதிர்ப்பும் வெளிப்படையான நிர்வாகமும் முன்னால் நின்றன. இவற்றை ஒரே அலையாக எழுதினால், அந்தந்த ஊர் வாக்காளர் எதற்காக வாக்களித்தார் என்பதையே அழித்துவிடுகிறோம்.

2014-ஐப் பாருங்கள். ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் ஸ்வீடன் கட்சி தன் இரண்டு இடங்களையும் இழந்தது. அதே தேர்தலில் ஜெர்மனியின் பைரேட் கட்சியிலிருந்து யூலியா ரேடா வென்று உள்ளே போனார். பைரேட் கட்சி வென்றதா, தோற்றதா என்ற கேள்விக்கே அங்கு பொருள் இல்லை.

கூட்டமைப்பைத் தலைமையகம் என்று நினைப்பது

பைரேட் கட்சிகளுக்கு 2010-இல் பிரஸ்ஸல்ஸில் ஒரு சர்வதேச அமைப்பு உருவானது. அது எந்த நாட்டுக் கட்சிக்கும் உத்தரவிட்டதில்லை. ஐஸ்லாந்துக் கட்சி 2015-இல் அதிலிருந்து விலகியும்விட்டது. மெக்சிகோவின் பசுமைக் கட்சி மரண தண்டனை வேண்டும் என்று பிரச்சாரம் செய்தபோது, ஐரோப்பியப் பசுமைக் கட்சி அதனுடனான உறவை முறித்துக்கொண்டது. அதற்குமேல் எதுவும் செய்ய அதற்கு அதிகாரம் இல்லை.

எல்லாமே தனித்தனி என்று முடிவு கட்டுவது

இதுவும் தவறு. 1992-இல் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் தோன்றிய இயற்கைச் சட்டக் கட்சி, மகரிஷி மகேஷ் யோகியின் ஆழ்நிலைத் தியான இயக்கத்திலிருந்து வந்தது. மற்ற நாடுகளில் அதே பெயரில் போட்டியிட்டவர்களும் அந்த இயக்கத்தார்தான்.

நாட்டின் பெயர் இல்லாமல் கட்சியின் பெயரை எழுதுவது

தலைப்பிலும் கூடாது.

நம் நீதிக்கட்சியின் நினைவில் எழுதுவது

1916-இல் சென்னையில் பிறந்த நீதிக்கட்சி பிராமணரல்லாதார் உரிமைக்கானது. டென்மார்க்கின் நீதிக்கட்சி நில மதிப்பின்மீது வரி கேட்டது. 1957 முதல் 1960 வரை கூட்டணி அரசில் இருந்து, 1960 தேர்தலில் எல்லா இடங்களையும் இழந்தது. தென் கொரியாவில் 2025 வரை அந்தப் பெயரில் இருந்த நீதிக்கட்சி இடதுசாரி. இவற்றில் எதற்கும் மற்றொன்றுடன் உறவில்லை.