பழைய ரிகம்பென்ட் சைக்கிள் வாங்கியதும் செய்யக் கூடாத தவறுகள்

சாய்ந்து உட்கார்ந்து கால்களை முன்னால் நீட்டி மிதிக்கிற ரிகம்பென்ட் சைக்கிளைப் பழையதாக வாங்குகிறவர்கள் பலரும் செய்கிற முதல் தவறு, கைக்கு வந்ததுமே ஏறி ஓட்டிப் பார்ப்பதுதான். அது இன்னொருவர் தன் காலுக்கும் முதுகுக்கும் ஏற்றபடி அமைத்து வைத்த வண்டி. சாதாரண சைக்கிளில் அளவு கொஞ்சம் முன்பின் இருந்தாலும் எழுந்து நின்று மிதித்துச் சமாளித்துவிடலாம், இதில் எழுந்து நிற்கவே வழியில்லை. அளவு தப்பினால் இடுப்பு ஆடும், இடுப்பு ஆடினால் ஹேண்டில் ஆடும், பத்து நிமிடத்தில் "நமக்கு பேலன்ஸ் வராது போலிருக்கு" என்று முடிவு கட்டி ஓரம் கட்டிவிடுவார்கள். தயவுசெய்து அந்த முடிவை அளவு சரிசெய்த பிறகு எடுங்கள்.

முதலில் சீட்டின் சாய்வு, அப்புறம்தான் கால் நீளம். வரிசையை மாற்றினால் சாய்வைத் தொட்டதும் இடுப்பு நகர்ந்து கால் அளவும் மாறிப்போகும், வேலை இரண்டாகிவிடும். பழக்கம் வரும்வரை சீட்டைக் கொஞ்சம் நிமிர்த்தியே வையுங்கள், சாலை நன்றாகத் தெரியும், கழுத்தும் வலிக்காது. ரொம்பவும் நிமிர்த்தினால் எடை முழுக்கப் பின்புறத்தில் இறங்கி அங்கே வலி தொடங்கும்.

கால் அளவைத் தனியாகப் பார்க்காதீர்கள், வண்டியை ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். ஓட்டும்போது போடுகிற அதே செருப்போ ஷூவோ போட்டுக்கொண்டு, இடுப்பு சீட்டின் அடிவரை ஒட்டும்படி உட்காருங்கள். பெடல் மிகத் தள்ளிப் போகிற இடத்தில் குதிகாலை வைத்தால் கால் அப்படியே நேராக வேண்டும், இடுப்பு நகரக் கூடாது. பிறகு பாதத்தின் முன்பகுதியை வைத்தால் முழங்கால் லேசாக மடங்கியிருக்கும், அதுதான் அளவு. பெடல் பக்கத்தில் இருந்தால் பத்திரம் என்று தோன்றுவதால் பலரும் கிட்டவே வைத்துக்கொள்கிறார்கள். கொஞ்ச நாளில் முழங்காலின் முன்புறம் வலிக்க ஆரம்பிக்கும். வலி முழங்காலின் பின்புறத்திலோ குதிகால் நரம்பிலோ வந்தால், பெரும்பாலும் பெடல் எட்டாத தூரத்தில் இருக்கிறது. அரை சென்டிமீட்டர் நகர்த்தி, சில நாள் ஓட்டிப் பார்த்து, அப்புறம் தேவைப்பட்டால் இன்னொரு அரை சென்டிமீட்டர்.

சில வண்டிகளில் சீட்டே முன்னும் பின்னும் நகரும், அவற்றில் செயினைத் தொட வேண்டியதில்லை. மற்றவற்றில் பெடல்கள் இருக்கும் முன்குழாயை, அதாவது பூமை, நீட்டவும் உள்ளே தள்ளவும் வேண்டும். பெரிய சேதம் நடப்பது இங்கேதான். போல்ட்டைத் தளர்த்தும் முன் பழைய இடத்தில் டேப் ஒட்டி அடையாளம் வையுங்கள். பூமை 1 சென்டிமீட்டர் நீட்டினால் செயின் மேலும் கீழுமாகக் கிட்டத்தட்ட 2 சென்டிமீட்டர் கூடுதலாகத் தேவைப்படும், ஒரு ஜோடிக் கண்ணியின் நீளமே 25.4 மில்லிமீட்டர்தான், அதாவது ஏறக்குறைய ஒரு ஜோடி அளவுக்குச் செயின் குறைந்துபோகும். இதைக் கணக்கில் எடுக்காமல் பூமை நீட்டிவிட்டு, ஓட்டும்போது முன்னாலும் பின்னாலும் பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றினால் செயின் விறைத்து, கியர் மாற்றுகிற பின்பக்க டெரெய்லரையே பிய்த்துவிடலாம். அதனால் நீட்டியதும் பின்சக்கரத்தைத் தூக்கி, கையால் மெதுவாகச் சுற்றி அந்தப் பெரிய-பெரிய கியரைப் போட்டுப் பாருங்கள், கியர் கேபிளும் இழுபடாமல் இருக்கிறதா என்று கவனியுங்கள். குழாயில் இதற்கு மேல் இழுக்காதே என்று ஒரு கோடு இருந்தால் அதைத் தாண்டவே கூடாது. போல்ட்டை மறுபடி முடுக்கும்போது வண்டியை நிமிர்த்திப் பிடித்து, கிராங்க் அச்சு, அதாவது இரண்டு பெடல் கைகளையும் இணைக்கிற அச்சு, தரைக்கு இணையாக இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பார்ப்பது நல்லது. கொஞ்சம் திருகியிருந்தாலும் முழங்கால் அதை நினைவூட்டும்.

செயினைப் பற்றி இன்னொன்று. இந்த வண்டிகளில் அது சாதாரணச் செயினைவிட இரண்டு மூன்று மடங்கு நீளம், அதனால் தேய்மானம் மெதுவாகத்தான் தெரியும், முந்தைய ஓட்டுநர் பல வருடம் மாற்றாமலே விட்டிருக்கலாம். 24 கண்ணிகளை அளந்தால் புதிதில் 304.8 மில்லிமீட்டர் இருக்கும், 306-ஐத் தாண்டியிருந்தால் மாற்றிவிடுங்கள். பழையதோடு புதுத் துண்டை ஒட்டுப்போடாதீர்கள். நடுவில் செயினைத் திருப்பிவிடுகிற ஐட்லர் சக்கரத்தின் பற்கள் கொக்கிபோல வளைந்திருந்தால் அதையும் சேர்த்து மாற்ற வேண்டும். டயர் வாங்கும்போது "20 இஞ்ச்" என்று மட்டும் சொல்லாதீர்கள், அந்தப் பெயரில் 406, 451 என்று வெவ்வேறு ரிம் அளவுகள் உண்டு, ஒன்றின் டயர் மற்றதற்குச் சேராது. பழைய டயரின் பக்கவாட்டில் எண் இருக்கும்.

சரி, இப்போது ஏறலாம். ஹேண்டிலை இறுக்கிப் பிடிப்பதுதான் புதியவர்களின் பெரிய பகை. இதில் உங்கள் எடையைத் தாங்குவது சீட், கைக்கு எந்த பாரமும் இல்லை, ஆகவே விரல்கள் மட்டும் பட்டால் போதும். வாகனம் வராத இடத்தில், மிக லேசான சரிவில், இரண்டு காலையும் தரைக்கு மேலே தூக்கி உருண்டு போகப் பழகுங்கள். அதன்பின் இலகுவான கியரில், ஒரு பெடல் உச்சியை இப்போதுதான் தாண்டியிருக்கும் நிலையில் பாதத்தை வைத்து உறுதியாக ஒரு மிதி, மற்றக் கால் தானாக மேலே வரும். பார்வை தூரத்தில் இருக்கட்டும், பெடலைக் குனிந்து பார்த்தீர்களானால் வண்டி உடனே சாயும். நிற்கப் போவதற்கு முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள், கனமான கியரில் நின்றுவிட்டால் மறுபடி கிளப்புவது பெரும்பாடு. பெடல்கள் முன்சக்கரத்துக்கு முன்னால் இருக்கிற வகையில் குறுகிய திருப்பத்தில் குதிகால் சக்கரத்தில் இடிக்கும், எனவே மிதிப்பதை நிறுத்தி, வளைகிற பக்கத்துக் காலை மேலே வைத்துத் திரும்புங்கள். பாதம் வழுக்கித் தரையில் விழுந்தால் வண்டி அதன்மேலே போய்விடும், கணுக்காலே முறியலாம். நல்ல பிடிமானம் உள்ள பெடல் அவசியம், ஷூவைப் பூட்டுகிற பெடலுக்குக் கிளம்புவதும் நிற்பதும் யோசிக்காமல் வந்த பிறகு மாறிக்கொள்ளலாம். திரும்பிப் பார்ப்பது கஷ்டம் என்பதால் கண்ணாடி இல்லாமல் சாலைக்குப் போகாதீர்கள். பள்ளத்தில் உடம்பைத் தூக்கவும் முடியாது, முன்கூட்டியே பார்த்து வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, முதல் வாரமே வேகத்தை எதிர்பார்ப்பது. 1933-ல் பிரெஞ்சு சைக்கிள் பந்தய வீரர் பிரான்சிஸ் ஃபோர் இப்படிப்பட்ட வண்டியில் ஒரு மணி நேரத்தில் 45 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டினார், அடுத்த ஆண்டே சர்வதேச சைக்கிள் சம்மேளனம் இந்த வடிவத்தைத் தன் சாதனைகளிலிருந்து விலக்கி வைத்தது. காற்று குறைவாகத் தடுப்பதால் வருகிற வேகம் அது, சமதளத்திலும் இறக்கத்திலும்தான் அதன் பலன் முழுதாகக் கிடைக்கும். ஏற்றத்தில் உங்கள் பழைய சைக்கிளைவிட மெதுவாகத்தான் போவீர்கள், தொடைத் தசைகள் வேறு விதமாக உழைப்பதால் வாரக்கணக்கில் அப்படியே இருக்கும். அந்தச் சமயத்தில் முதுகைச் சீட்டில் முட்டுக்கொடுத்துக் கனமான கியரை உந்தித் தள்ளுகிற ஆசை வரும். முழங்காலைக் கெடுப்பது அதுதான். இருப்பதிலேயே இலகுவான கியரைப் போட்டு, காலை வேகமாகச் சுற்றியபடி ஏறுங்கள்.