அடிதட்டிய காரும் ஒன்பது மில்லிமீட்டரும்

பழைய டொயோட்டா 86 ஸ்போர்ட்ஸ் கார் வாங்கிய முதல் வாரமே தலைவலி. அபார்ட்மென்ட் பார்க்கிங் சரிவில் ஏறும்போதெல்லாம் முன்பம்பரின் அடிவிளிம்பு 'கர்ர்ர்' என்று சிமெண்டைச் சுரண்டியது. கேட்கிற நமக்குத்தான் பல் கூசும்.

18 அங்குல வீல் ஆயிற்றே, வண்டி உயரமாகத்தானே இருக்கவேண்டும்? குனிந்து டயரின் பக்கவாட்டு எழுத்தைப் படித்ததும் விஷயம் புரிந்தது: 215/35 ஆர் 18. இந்த வண்டியோடு வந்த அளவு 215/45 ஆர் 17. முதல் எண் டயரின் அகலம், மி.மீ.யில்; கடைசி எண் வீலின் விட்டம், அங்குலத்தில்; நடுவில் உள்ள எண், பக்கச்சுவரின் உயரம் டயர் அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. கணக்குப் போட்டால் மொத்த விட்டம் 625 மி.மீ.யிலிருந்து 608க்கு இறங்கியிருந்தது. அதில் பாதி, ஏறக்குறைய 9 மி.மீ., தரை இடைவெளியில் போச்சு. போதாததற்கு வண்டியைத் தாழ்த்தும் குட்டை ஸ்பிரிங் வேறு. முன்பு வைத்திருந்தவரின் கைவண்ணம்.

பழைய 17 அங்குல அலாய் வீல் செட் ஒன்றைத் தேடிப் பிடித்தேன். ஸ்பிரிங்கையும் ஒரிஜினல் அளவுக்கே மாற்றினேன். அப்புறம் வீல் அலைன்மென்ட். இப்போது சரிவில் உரசுவதில்லை. உயரமான வேகத்தடையில் மட்டும் ஒரு சக்கரம் முதலில் ஏறும்படி கோணலாக எடுக்கிறேன். ஸ்பீடோமீட்டர் வேகத்தைக் கூட்டிக் காட்டுவதும் நின்றது. சின்ன டயர் அதிகமாகச் சுற்றுமே. பார்வைக்குக் கம்பீரம் குறைந்துவிட்டதாம், நண்பர்கள் சொல்கிறார்கள். சொல்லட்டும்.