ஈறு நோய்க் கிருமிகளைச் சில நிமிடங்களில் அறிய: பானா சோதனை

ஈறு நோயில் 'சிவப்புக் குழு' எனப்படும் போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ், டிரெப்போனீமா டென்டிகோலா, டானரெல்லா ஃபோர்சித்தியா ஆகிய மூன்று பாக்டீரியாக்களும் காற்றில்லாச் சூழலில் வாழ்பவை என்பதால், இவற்றை வளர்ப்பூடகத்தில் வளர்த்துக் காண நாட்கணக்கில் காத்திருக்க வேண்டும். இம்மூன்றும் சுரக்கும் டிரிப்சின் போன்ற நொதியை, அந்நொதியால் பிளக்கப்படும் பானா (BANA) என்னும் வேதிப்பொருளைக் கொண்டு பிடித்துக்காட்டுவதே பானா சோதனை.

முதலில் ஈறு விளிம்புக்கு மேலுள்ள பற்படலத்தை நீக்கிவிட வேண்டும். இதில் அலட்சியம் காட்டினால் மாதிரியே பிழையாகிவிடும். பின்னர் க்யூரெட் என்னும் சுரண்டு கருவியைப் பல்லுக்கும் ஈறுக்கும் இடையிலுள்ள பைக்குழியின் அடிவரை செலுத்தி, ஒரே இழுப்பில் மேலே கொண்டுவந்து, அதன் நுனியில் ஒட்டியிருக்கும் வெண்மஞ்சள் நிறப் படலத்தைச் சோதனை அட்டையின் பானா ஊறிய கீழ்ப்பட்டையில் தடவ வேண்டும். அடுத்த பல்லுக்குச் செல்லுமுன் கருவியை நன்கு துடைக்காவிட்டால், ஒரு பல்லின் கிருமி மற்றொன்றின் கணக்கில் சேர்ந்துவிடும்.

மேற்பட்டையைக் காய்ச்சி வடித்த நீரால் நனைத்து, இரு பட்டைகளும் ஒன்றையொன்று தொடுமாறு அட்டையை மடித்து, கையேடு கூறும் வெப்பநிலையில், கூறும் நேரம்வரை சூடேற்றியில் வைக்கவேண்டும். நொதி இருந்தால் அது பானாவைப் பிளக்க, வெளிப்படும் நாஃப்தைலமின் மேற்பட்டையிலுள்ள சாயத்துடன் வினைபுரிந்து அங்கே நீலக் கறையாகத் தெரியும். கறை அடர்ந்திருப்பின் கிருமியும் மிகுதி எனக் கொள்ளலாம்.

மூன்றில் எது இருக்கிறது என்பதை இச்சோதனை பிரித்துச் சொல்லாது. இந்நொதியைச் சுரக்காத அக்ரிகேட்டிபாக்டர் ஆக்டினோமைசிடெம்காமிட்டன்ஸ் போன்றவை இதில் தப்பிவிடும் என்பதால், இளம் வயதினரிடம் பல்லைத் தாங்கும் எலும்பின் தேய்மானம் விரைவாக இருந்தும் கறை தோன்றாவிட்டால், பைக்குழியில் செருகும் உறிஞ்சு காகித முனையால் எடுத்த மாதிரியை, கிருமியின் டிஎன்ஏவைக் கண்டறியும் பிசிஆர் சோதனைக்கு அனுப்புவதே முறை.